நீ வரைந்த முத்துமாரி

எய்யா, இதைப் போனிலேயே பேசியிருக்கலாம். பேசினால் நீ பாதியில் "ஒரு நிமிஷம்மா" என்று யாரிடமோ பேசப் போய்விடுவாய். நானும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, சாப்பிட்டாயா தூங்கினாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். நேற்றும் அதுதானே நடந்தது. அப்பா பட்டாசுக் கம்பெனியில் செத்துப்போனதை வைத்து நீ வரைந்த அந்தச் சின்னக் கார்ட்டூன் படம் ஹைதராபாத்தில் ஒரு போட்டிக்குத் தேர்வாகியிருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு ஒரு கம்பெனி உன்னை வேலைக்கே கூப்பிட்டிருக்கிறது, மாதக் கடைசிக்குள் மெருகேற்றி அனுப்ப வேண்டும் என்று மூச்சு விடாமல் சொன்னாய். நான் "சந்தோஷம்யா" என்றேன். சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் படம் இப்போது இருக்கிற மாதிரியே வெளியூருக்குப் போகக் கூடாது. அதில் இருக்கிற நம் ஊர் முத்துமாரியை அழித்துவிட்டு நீ மறுபடி வரைய வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். கோபமாக எழுதுகிறேன், அதனால் நீளமாகத்தான் வரும். பொறுமையாகப் படி.

தை மாசம் நீ வந்திருந்தபோது அடுப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, பழைய மாதக் காலண்டரைப் பின்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு எனக்குப் பாடம் எடுத்தாய். ஆயுசு முழுக்கப் பால்வாடியில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்று உட்கார்ந்திருக்கிறவளுக்கு மகன் வட்டம் சதுரம் சொல்லிக்கொடுக்கிறான் என்று எனக்குச் சிரிப்பாக வந்தது. எந்த ஆளாக இருந்தாலும் முதலில் ஒரே ஒரு வடிவமாகப் பார்க்க வேண்டும், கண் மூக்கெல்லாம் அப்புறம்தான் என்றாய். வட்டம் என்றால் அன்பான ஆள், பார்த்ததும் தூக்கிக் கொஞ்சத் தோன்றும். சதுரம் என்றால் அசையாத ஆள். முக்கோணம் என்றால் குத்தும், பார்க்கிறவனுக்கு உள்ளுக்குள் ஒரு பயம் வரும். ஆளை முழுக்கக் கறுப்பாக நிரப்பி நிழலாகக் காட்டினாலும் இன்னார் என்று தெரிய வேண்டும், தெரியாவிட்டால் அந்த வடிவம் தேறாது என்றாய். சொல்லிக்கொண்டே பலசரக்குக் கடைக்காரரை ஒரு பெட்டியாகப் போட்டு மேலே ஒரு துண்டைப் போட்டாய், அவரேதான். என்னை இட்லிக் கொப்பரை மேல் செம்பைக் கவிழ்த்த மாதிரிப் போட்டாய். "ஏலே, நான் அம்புட்டுக் குண்டாவா இருக்கேன்?" என்றதற்கு, "நிழலப் பாரும்மா, நிழலு பொய் சொல்லாது" என்றாய். அந்தப் பேச்சை இப்போது நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பங்குனிப் பொங்கலுக்குச் சி.டி.யோடு வந்தாய். கோயில் முன்னால் பொங்கல் பானை இறக்கின கையோடு, பொழுது சாய்ந்ததும், நாலு முழ வேட்டியைத் திரையாகக் கட்டி இளவட்டங்கள் உன் படத்தைப் போட்டார்கள். நம் ஊர்ப் பையன் எடுத்த படம் என்று தெருவே வந்து உட்கார்ந்திருந்தது. வரிசையாகப் பட்டாசு ரூம்கள் வந்தன. உங்கப்பா வந்தார், தலை ஒரு வட்டம், வயிறு ஒரு வட்டம், உருண்டு உருண்டு ஒவ்வொரு ரூமாக எட்டிப் பார்த்தார். முதலாளி சதுரமாக ஒரு சதுரக் காரில் வந்து இறங்கினதும் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. ரூமுக்குள் பொம்பளைகள் சின்னச் சின்ன உருண்டைகளாக உட்கார்ந்து திரி செருகிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி மட்டும் வேறு மாதிரி. நாடி கூர், மூக்கு கூர், முழங்கை கூர், முந்தானைகூடக் கூர். அவள் எழுந்து வாசலுக்கு வந்தாள், ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள், இடது தோளைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று போனாள். அடுத்த நொடி திரை முழுக்க வெள்ளை. அப்புறம் உங்கப்பாவின் செருப்பு மட்டும் மண்ணில் கிடந்தது. அந்தச் செருப்பைப் பார்த்து அழாத ஆள் அங்கே இல்லை.

ஆனால் அந்தக் கூர்மூக்குக்காரி எழுந்து வந்தபோதே முன்வரிசையில் இருந்த ஒரு பொடிசு, "ஏ, முத்துமாரி அத்த!" என்று கத்திவிட்டது. கூட்டமே கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன், மறைக்க என்ன இருக்கிறது. அச்சு அசல் அவள்தான். ஒடிசலான உடம்பும், தோளைத் தூக்கிக்கொண்டு நடக்கிற நடையும், நாலு கோட்டில் கொண்டுவந்துவிட்டாயே என்று எனக்குப் பெருமைகூட வந்தது. படம் முடிந்து வேட்டியை அவிழ்த்தபோதுதான் கவனித்தேன். எல்லோரும் திரும்பி ஒரே பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே முத்துமாரி தன் மகள் மாலாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. நீ இளவட்டங்களோடு கைகுலுக்கிக்கொண்டிருந்தாய். மறுநாள் காலையிலேயே சாத்தூரில் போய்ச் சென்னைக்கு ரயில் ஏறிவிட்டாய். கேபிள்காரன் உன் சி.டி.யை வாங்கி அந்த வாரம் முழுக்க ஓட்டினான்.

பட்டாசு ரூமில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது சர்க்கார் சட்டம். அந்த நாலு பேர் யார் யார் என்பது பொம்பளைகள் தங்களுக்குள் வைத்திருக்கிற சட்டம். யாரோடு உட்கார்ந்தால் சாயங்காலம் பிள்ளைகளிடம் முழுசாகத் திரும்பி வரலாம் என்று அவரவருக்கு ஒரு நம்பிக்கை. கைராசி என்பார்கள். போர்மேன் சொன்னாலும் கேட்க மாட்டார்கள், முதலாளியே வந்து நின்றாலும் கேட்க மாட்டார்கள். விபத்தில் தப்பி வந்தவள் என்றாலே ஒரு அச்சம். உங்கப்பா போன அந்த வெடியில் தப்பினவள் என்று வருஷக்கணக்காக முத்துமாரியோடு உட்கார ஆளில்லாமல், அவள் தீப்பெட்டி ஒட்டித்தான் கஞ்சி குடித்தாள். மெல்ல மெல்ல அது மறந்துபோனது. அப்போது சின்னப் பிள்ளைகளாக இருந்தவர்கள் வளர்ந்து வேலைக்கு வந்தார்கள், அவர்களுக்குப் பழசு தெரியாது, அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். கைவேகம் உள்ளவள் என்று அவளைத் தேடிக்கூட வந்தார்கள். நீ அதைப் பொழுது சாய்ந்த ஒரு நேரத்தில் இல்லாமல் பண்ணிவிட்டுப் போய்விட்டாய். பொங்கல் கழிந்து அவள் வேலைக்குப் போய் உட்கார்ந்ததும், "தண்ணி குடிச்சிட்டு வாரேன்க்கா" என்று ஒருத்தி எழுந்தாள். பின்னாலேயே அடுத்தவள். யாரும் திரும்பி வரவில்லை. பாக்கிங்குக்கு மாற்றினார்கள், அங்கேயும் அதே கதை. கடைசியில் போர்மேன், "சீசன் முடிஞ்சு வாங்களேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இதை அப்போதே போனில் உன்னிடம் சொன்னேன். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை. "அம்மா, அது கற்பன. அவ எதையும் செஞ்ச மாதிரி நான் காட்டவே இல்லையே? எல்லாரும் உருண்டையா இருந்தா படம் நிக்காதும்மா. கண்ணுக்கு எங்கயாவது ஒரு கூர்ம வேணும். அதுக்காகத்தான் ஒரு ஆளு." அதுக்காகத்தான் ஒரு ஆளாம். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாய் வைக்கிற மாதிரி, உன் படத்துக்குத் தொட்டுக்கொள்ள ஒருத்தி. நீ அவள் தப்புச் செய்ததாகக் காட்டவில்லை, ஒத்துக்கொள்கிறேன். காட்ட வேண்டிய அவசியமே உனக்கு இல்லையே. எல்லோரும் உருண்டையாக இருக்கிற இடத்தில் ஒருத்தியை மட்டும் கூராகப் போட்டு, திரும்பிப் பார்க்க வைத்து, அடுத்த நொடி வெடிக்க வைத்தால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? உனக்கு அவள் மேல் ஒரு பகையும் இல்லை, தெரியும். சின்ன வயசில் அவள் கையால் எத்தனை நாள் சாப்பிட்டிருக்கிறாய். பகையே இல்லாமல் ஒருத்தியைக் குற்றவாளியாக்க முடியும் என்பதை உன் படத்தில்தான் பார்த்தேன்.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன், கேள். உனக்கு இதை நான் விவரமாகச் சொன்னதில்லை, நீயும் கேட்டதில்லை. மாலா அப்போது கைக்குழந்தை. கம்பெனி கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தில் சேலைத் தொட்டில் கட்டிப் போட்டுவிட்டு முத்துமாரி வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை வீறிட்டுக் கத்திக்கொண்டே இருந்திருக்கிறது. தீபாவளி ஆர்டர் நெருக்கிய நேரம், உங்கப்பாதான் போர்மேன், காலையிலிருந்தே கடுகடுவென்று இருந்தார். வாசலில் நின்று, "ஏ முத்துமாரி, வேலைக்கு வந்தியா, தொட்டிலாட்ட வந்தியா? எந்திரி. போயி அத அமத்திட்டு வா, காது கிழியுது" என்று விரலை நீட்டிக் கத்தியிருக்கிறார். பக்கத்து ரூமில் இருந்த இரண்டு பொம்பளைகள் அதைக் காதால் கேட்டு, எழவு வீட்டில் என்னிடம் சொன்னார்கள். ஒருத்தி அப்புறம் செத்துப்போனாள், இன்னொருத்தி மகனோடு திருப்பூர் போய்விட்டாள். முத்துமாரி கேட்டைத் தாண்டியிருக்க மாட்டாள், வெடித்துவிட்டது. வெயிலா, உரசலா, வெடிமருந்தில் கல் கிடந்ததா, யாருக்கும் தெரியாது. சொல்ல வேண்டியவர்கள் யாரும் மிஞ்சவில்லை. பிள்ளை அழுததை மட்டும் விட்டுவிட்டு, உங்கப்பாதான் அவளைப் போகச் சொன்னார் என்று நான் இப்போது வீடு வீடாகப் போய்ச் சொல்லிப் பார்த்துவிட்டேன். "ஆமா டீச்சர், ஆமா டீச்சர்" என்று தலையாட்டுகிறார்கள், மறுநாள் அவளோடு உட்கார மாட்டேன் என்கிறார்கள்.

இன்னொன்று, உங்கப்பா உருண்டையான ஆள் என்று உனக்கு யார் சொன்னது? நெஞ்செலும்பை எண்ணலாம் அவருக்கு. பனைமரம் மாதிரி உயரம், மூக்கும் முழங்கையும் அவருக்கும் கூர்தான். கோபம் வந்தால் சோற்றுத் தட்டு முற்றத்தில் போய் விழும். நீ காலங்கடந்து, இருக்கன்குடி ஆத்தாளுக்கு நேர்ந்து பிறந்த பிள்ளை என்பதால் உன்னிடம் மட்டும் குழைவார். உனக்கு ஞாபகம் இருப்பது அவர் மடி ஒன்றுதான். அது உருண்டைதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கத்துகிற ஆளாக இருந்ததால்தான் அன்றைக்கு ஒரு உயிர் தப்பியது. நீ வரைந்த அந்தச் சிரித்த முகத்து உருண்டை மனுஷன் வாசலில் நின்றிருந்தால், பாவம் வேலை பார்க்கட்டும் என்று பேசாமல் போயிருப்பார். அவளும் செத்திருப்பாள், பசியில் கத்தின பிள்ளை தாயில்லாமல் வளர்ந்திருக்கும்.

வட்டம் என்றால் அன்பு என்று உனக்குப் பாடம் சொன்ன புத்தகத்தை எழுதினவன் நம் ஊர்ப் பக்கம் வந்ததே இல்லை போலிருக்கிறது. நம் ஊரில் உருண்டையாக இருப்பது என்ன? அணுகுண்டு. சணல் சுற்றின உருண்டை, கையில் வைத்துக்கொண்டு கொஞ்சிப் பார் தெரியும். கூம்பாக இருப்பது என்ன? பூச்சட்டி, உங்கள் சென்னைக்காரர்கள் சொல்கிற புஸ்வாணம். சின்னப் பிள்ளைகளை அதன் பக்கத்தில் உட்கார வைத்துத்தானே பூவைக் காட்டுகிறோம். நீ சிவகாசி பிரஸ்ஸில் வேலை பார்த்தபோது இரண்டுக்கும்தான் லேபிள் வரைந்தாய், சென்னைக்குப் போனதும் எப்படியய்யா மறந்தது? வடிவத்தை விடு என்று நான் சொல்லவில்லை. அதன் பலத்தைத்தான் கண்ணால் பார்த்துவிட்டேனே. முகத்தில் ஒரு புள்ளிகூட வைக்காமல் ஒரு ஆளைத் தெருவே கண்டுபிடிக்கிற மாதிரி உன்னால் வரைய முடிகிறது. அவ்வளவு பலம் உள்ள ஒன்றைக் கையில் எடுக்கும்போது, இது யார் தலையில் போய் விழும் என்று ஒரு தடவை யோசித்திருக்க வேண்டாமா? இங்கே மருந்துக் கிண்ணத்தை நகர்த்துகிறவள்கூட யோசித்துத்தான் நகர்த்துகிறாள்.

மாலாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை. பத்தாவது படிக்கிறாள், பேசவே காசு கேட்கிற பிள்ளை. அன்றைக்குப் படம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனதும் அவளாகக் கேட்டிருக்கிறாள். "எம்மா, எல்லாரும் உள்ள இருக்கும்போது நீ மட்டும் எதுக்கு வெளிய வந்தே?" முத்துமாரி நேரே என்னிடம் வந்து, வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எக்கா, 'ஒனக்குப் பால் குடுக்கத்தாண்டி'ன்னு அவகிட்ட சொல்லிருவேன். சொன்னா, செத்தவுக எல்லாரும் சாக, தன்னாலதான் நம்ம ஆத்தா மட்டும் பொழச்சான்னு அந்தப் புள்ள மனசுல போட்டுக்கிடும். சொல்லாட்டி, நான்தான் என்னமோ செஞ்சுட்டேன்னு நினைக்குது. என்னத்தச் சொல்லட்டும், நீங்களே சொல்லுங்க" என்றாள். "போர்மேன் போகச் சொன்னாரு, வந்தேன்னு சொல்லு. அது பொய்யில்லையே" என்றேன். சொல்லியிருக்கிறாள். அந்தப் பிள்ளை நம்பவில்லை. நீ வரைந்ததைத்தான் நம்புகிறது. அம்மா பக்கத்தில் படுக்க மாட்டேன் என்று பாயைத் தள்ளிப் போட்டுக்கொள்கிறதாம்.

அதனால்தான் கேட்கிறேன், மறுபடி வரை. அவளையும் உருண்டையாகப் போட்டால் எல்லோரும் ஒன்று போல ஆகிவிடுவார்கள், நிழலில் யார் என்று தெரியாது என்று சொல்வாய். தெரிய வேண்டாம். அன்றைக்கு நான் கம்பெனிக்குள் போய்ப் பார்த்தபோது எனக்கும் தெரியவில்லை. எல்லோர் மேலும் அலுமினியத் தூள், அதற்கு மேல் கரி. ஆம்பளை பொம்பளை தெரியவில்லை. நாலு பேரைச் சாக்கு போட்டு மூடி வரிசையாக வைத்திருந்தார்கள். உங்கப்பாவை நான் நீளத்தை வைத்துத்தான் சொன்னேன். மற்ற மூன்று பேரையும் அவரவர் வீட்டுக்காரர்கள் மெட்டியை வைத்துப் பிரித்து எடுத்தார்கள். நீ அடுப்படியில் சொன்ன நிழல் பரீட்சையை நான் அங்கே எழுதினேன் அய்யா. ஆகவே அந்த ரூமில் இருக்கிறவர்கள் அத்தனை பேரும் ஒரே வடிவமாக இருக்கட்டும், அதுதான் உண்மை. கண்ணுக்கு ஒரு கூர்மை வேண்டும் என்றாயே, அதை உங்கப்பா நீட்டின விரலில் வை. உருண்டையான உன் அப்பாவுக்குக் கூராக ஒரு விரல். கோபமாக நீட்டட்டும், அவள் எழுந்து போகட்டும். எதற்குப் போகச் சொன்னார் என்று காட்டாதே, தொட்டிலைக் காட்டாதே, மாலாவுக்காக. படம் நிற்கும். எனக்கு உன் தொழில் தெரியாது, ஆனால் அந்த விரல் நிற்கும் என்று தெரியும்.

எத்தனை நூறு தாள் மறுபடி வரைய வேண்டும், மாதக் கடைசி தவறிவிடும், போட்டி போய்விடும், வேலையும் போகலாம் என்று சொல்வாய். போகலாம். நான் அதைச் சாதாரணமாகச் சொல்லவில்லை, நீ படிக்கப் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் முத்துமாரி இப்போது எங்கே வேலைக்குப் போகிறாள் தெரியுமா? கண்மாய்க்கு அந்தப்பக்கம், கருவேலங்காட்டுக்குள், லைசென்ஸ் இல்லாத ஒரு ஓலைக் கொட்டகைக்கு. போன வாரம் நான் தேடிக்கொண்டு போனேன். ஒரே கொட்டகைக்குள் எத்தனை பேர் உட்கார முடியுமோ அத்தனை பேர். மணல் வாளி இல்லை, மருந்தும் திரியும் செய்து முடித்த சரமும் ஒரே இடத்தில் குவிந்து கிடக்கிறது. ராசி பார்க்காமல் உட்கார அங்கேதான் ஆள் இருக்கிறது, ஏனென்றால் அங்கே வருகிறவர்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது. என்னைப் பார்த்ததும் அவள் எழுந்து ஓடிவந்தாள். "எக்கா, இங்கன எதுக்கு வந்தீக? போங்க, தூரப் போங்க, நிக்காதீக" என்று என்னை நெட்டித் தள்ளாத குறை. அவளுக்கு என் உயிர் மேல் அவ்வளவு கவலை.

அங்கிருந்து நேராக அவளுடைய பழைய கம்பெனிக்குப் போய்ப் போர்மேனைப் பார்த்தேன். நல்ல மனுஷன்தான். "டீச்சர், எனக்கும் ஆள் வேணும், ஆர்டர் கழுத்த நெரிக்குது. அவுக கூட உக்கார ஆள் வேணுமே? நான் யாரக் கட்டி இழுத்தாந்து உக்கார வைக்க?" என்றார். "நான் உக்காருதேன்" என்றேன். சிரித்தார். நான் சிரிக்காமல் நின்றதைப் பார்த்துவிட்டு, நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். செத்துப்போனவர் பெண்டாட்டியே அவளோடு உட்கார்ந்தால் இனி யார் வாய் திறப்பார்கள் என்று நம் தெருவில் இரண்டு பேர் கூட வருகிறேன் என்றிருக்கிறார்கள். நாலு பேர் சரியாகிவிட்டது. முத்துமாரி என் காலைப் பிடித்துக்கொண்டு வேண்டாம் என்று அழுதாள், நான் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலையில் கம்பெனி வேனில் ஏறுகிறேன். என் விரலுக்கு இன்னும் நடுக்கம் வரவில்லை, திரி செருகப் பழகிக்கொள்வேன்.

புதுப் படத்தை எடுத்துக்கொண்டு வா, அதே கோயில் முன்னால் போட்டுக் காட்டு. அதற்குப் பிறகு அவள் பக்கத்தில் உட்கார வேறு ஒருத்தி வருவாள், நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிடுவேன். அதுவரைக்கும் அந்த ரூமில்தான் இருப்பேன். பயப்படாதே என்று எழுதலாம் என்று பார்த்தேன். எனக்கே பயமாகத்தான் இருக்கிறது. சீக்கிரம் வரைந்து முடி.

அம்மா